உடன் வருபவர்

ஆகஸ்ட் 4, திங்கள்

டாக்டர் சேகு மைதீன் சொன்னதன் பேரில் இதை எழுதத் தொடங்குகிறேன். என்ன சாப்பிடுகிறேன், எப்போது சாப்பிடுகிறேன், எப்போது வயிறு வலிக்கிறது. அவர் கேட்டது இவ்வளவுதான். "ஒரு சின்ன நோட்டுல குறிச்சிட்டு வாங்க மேடம், போதும்" என்றார். என்னிடம் சின்ன நோட்டு கிடையாது. கல்லூரி அலுவலகத்தில் இருபத்தாறு வருடமாகக் கண்காணிப்பாளராக இருக்கிறவளிடம் சின்ன நோட்டு எப்படி இருக்கும்? புத்தாண்டுக்கு யாரோ கொடுத்த பெரிய டைரிதான் இருந்தது. நாளுக்கு ஒரு பக்கம். பக்கத்தைக் காலியாக விடுவது எனக்குப் பிடிக்காது.

காலை: இட்லி மூன்று, தேங்காய்ச் சட்னி. வலி இல்லை.
11 மணி: தேநீர். லேசான வலி.
மதியம்: சோறு, சொதி, உருளைக்கிழங்கு. வலி இல்லை என்று எழுதலாம்.
மாலை: தேநீர், காரச்சேவு கொஞ்சம். (கொஞ்சம் என்றால் ஒரு கிண்ணம்.) வலி உண்டு.

எத்தனை நாளாக வலிக்கிறது என்று கேட்டார். எட்டு வாரம் என்றேன். கிறிஸ்துமஸ் கேக் சாப்பிட்ட அன்றைக்குத் தொடங்கியது. எண்ணிப் பார்த்தால் எட்டு மாதம் வருகிறது. வாரம் என்பதும் மாதம் என்பதும் வாய்க்குள் பக்கத்தில் பக்கத்தில் இருக்கிற சொற்கள். தவறிவிட்டது.

ஆகஸ்ட் 5, செவ்வாய்

காலை: தோசை இரண்டு. மதியம்: சோறு, ரசம். மாலை: ஒன்றும் இல்லை, வலி மட்டும்.

சங்கரகோமதிக்கு மெமோ கொடுத்தேன். இளநிலை உதவியாளர். எனக்குக் கீழே பதினோரு வருடமாக இருக்கிறாள். ஜூலை மாதத்தில் மட்டும் பதினான்கு நாள் தாமதம். செய்துங்கநல்லூரில் இருந்து வருகிறாள். "பஸ்ஸில் நெறிசலாக இருந்தபடியால் அடுத்த பஸ்ஸில் வர நேரிட்டது" என்று விளக்கம் எழுதித் தந்தாள். 'நெரிசல்' என்று சிவப்பு மையில் திருத்தி, வேறு தாளில் எழுதி வரச் சொன்னேன்.

போகிறவள் கதவருகே நின்று, "மேடம், ரொம்ப மெலிஞ்சிட்டீங்க" என்றாள்.

அது மெமோவில் கேட்கப்படவில்லை என்றேன்.

ஆகஸ்ட் 6, புதன்

டாக்டரிடம் இந்த டைரியைக் காட்டவில்லை. தனித்தாளில் நல்ல பிரதி எடுத்துக் கொடுத்தேன். அதில் காரச்சேவு இடம்பெறவில்லை.

படித்துவிட்டு, "எடை குறைஞ்சிருக்கா?" என்று கேட்டார்.

"இல்லை." எல்லா ரவிக்கையையும் ஒரு அங்குலம் பிடிக்கக் கொடுத்திருப்பது தையற்காரிக்கும் எனக்கும் உள்ள விஷயம்.

"வீட்டுல யாருக்காவது வயித்துல பிரச்சினை இருந்திருக்கா? அப்பா?"

"அப்பா லாரி மோதி இறந்துட்டாங்க."

"அம்மா?"

"அம்மாவுக்கு எழுபத்தெட்டு வயசு."

அவர் பேனாவைக் கீழே வைத்துவிட்டு என்னைப் பார்த்தார். வயது ஒரு வியாதியா என்று கேட்கவில்லை. நல்ல மனுஷர்.

எண்டோஸ்கோப்பி செய்தாக வேண்டும் என்றார். வாய் வழியாக ஒரு குழாய், அதன் நுனியில் கேமரா. மொத்தம் பத்து நிமிடம். ஒரு படிவம் கொடுத்தார்கள். பெயர், வயது, மருந்து ஒவ்வாமை எல்லாம் மளமளவென்று நிரப்பினேன். கடைசியில் ஒரு கட்டம்: உடன் வருபவர் பெயர். அதற்குப் பக்கத்தில்: உறவு.

"இது எதுக்கு டாக்டர்?"

"மயக்க மருந்து கொடுத்தா கூட ஒரு ஆள் கண்டிப்பா இருக்கணும். தனியா வீட்டுக்கு விட மாட்டோம்."

"அப்ப மயக்க மருந்து வேண்டாம்."

"தொண்டையில ஸ்ப்ரே மட்டும் அடிச்சும் செய்யலாம். தாங்குவீங்களா?"

"காலேஜ்ல நாலு முதல்வர்களைத் தாங்கியிருக்கேன்" என்றேன்.

கட்டத்தில் ஒரு கோடு போட்டுக் கொடுத்துவிட்டு வந்தேன். சனிக்கிழமை காலை ஏழு மணி.

ஆகஸ்ட் 8, வெள்ளி

நாளைக்கான அறிவுரைகளைக் குளிர்சாதனப்பெட்டியில் ஒட்டியிருக்கிறேன். இரவு எட்டு மணிக்கு மேல் சாப்பாடு கூடாது. காலையில் தண்ணீரும் கூடாது. நகை கூடாது. பொய்ப்பல் இருந்தால் முன்கூட்டியே தெரிவிக்க வேண்டும்.

மேல்வரிசையில் ஒன்று இருக்கிறது. பாளையங்கோட்டையில் அது யாருக்கும் தெரியாது. தெரிவிப்பதாக இல்லை.

ஆறரை மணிக்கே சாப்பிட்டுவிட்டேன். ஆப்பம் ஐந்து, தேங்காய்ப்பால், பிறகு கொஞ்சம் மீன்குழம்பு, பிறகு மறுபடி ஆப்பம். ஒரு வேளைப் பட்டினிக்கு ஒரு முன்னேற்பாடு. வேறொன்றுமில்லை.

பீரோவைத் துடைத்தேன். வீட்டுப் பத்திரம், காப்பீடு, பணிப்பதிவேட்டின் நகல் எல்லாவற்றையும் தனித்தனி உறையில் போட்டு, மேலே பெரிய எழுத்தில் பெயர் எழுதி, திறந்தவுடன் கண்ணில் படுகிற மாதிரி வைத்தேன். வெள்ளிக்கிழமை பீரோ துடைப்பது வழக்கம்தான். அதாவது, இன்றிலிருந்து.

ஆகஸ்ட் 9, சனி

எழுத வேண்டாம் என்றுதான் இருந்தேன். பக்கம் காலியாகக் கிடக்கிறது.

ஏழு மணிக்கு ஐந்து நிமிடம் முன்னதாகவே போய்விட்டேன். காத்திருக்கும் அறையில் எனக்கு முன்னால் ஒரு வயதான அம்மாளும் மகனும் உட்கார்ந்திருந்தார்கள். அந்த அம்மாள் ஐந்து நிமிடத்துக்கு ஒருதரம், "எனக்கு என்னய்யா செய்யுது?" என்று கேட்டாள். அவனும் ஒவ்வொரு தரமும் சலிக்காமல், "ஒண்ணுமில்லம்மா, சும்மா வாயு" என்றான். கையில் இருந்த கோப்பின் கனத்தைப் பார்த்தாலே தெரிந்தது, அது சும்மா வாயு இல்லை. நான் எழுந்து தூரத்தில் இருந்த நாற்காலிக்கு மாறிக்கொண்டேன். மின்விசிறிக் காற்று அங்கேதான் நன்றாக வந்தது.

நர்ஸ் பெயர் மகாலெட்சுமி. சின்னப் பெண்.

"பொய்ப்பல் இருக்கா மேடம்?"

"இல்லை."

"வாயத் தொறங்க."

திறந்தேன்.

"இது என்ன?"

"அது ஒண்ணே ஒண்ணுதான்."

கழற்றி ஒரு குட்டி டப்பாவில் போட்டு, மேலே 'எப்சிபா' என்று எழுதி ஒட்டினாள். ஹெப்சிபா, 'ஹெ' போட வேண்டும் என்று சொன்னேன். முன்பல் இல்லாமல் சொன்னதில் எல்லாம் காற்றாகப் போனது. அவள், "பயப்படாதீங்க" என்று தோளைத் தட்டினாள்.

தொண்டையில் கசப்பாக எதையோ அடித்தார்கள். கொஞ்ச நேரத்தில் தொண்டை என்னுடையதாக இல்லை. எச்சிலை விழுங்கினேனா இல்லையா என்று எனக்கே தெரியவில்லை. இடது பக்கமாக ஒருக்களித்துப் படுக்க வைத்து, பல்லுக்கு நடுவே ஒரு பிளாஸ்டிக் வளையத்தை மாட்டினார்கள். "மூக்கால மூச்சு விடுங்க. சாப்பாட்ட முழுங்குற மாதிரி முழுங்குங்க. அவ்வளவுதான்" என்றார் டாக்டர்.

குழாய் அடிநாக்கைத் தொட்டபோது எனக்கு ஒரு விளக்கம் தேவைப்பட்டது. "ஒரு நிமிஷம் டாக்டர்" என்றேன். வளையம் இருந்ததால் "ஓ இ இ ஆ" என்றுதான் வந்தது. அவர் அதைச் சம்மதமாக எடுத்துக்கொண்டார். அதன் பிறகு நடந்ததற்கு என் வலது கைதான் பொறுப்பு. குழாயைப் பிடித்து, வெளியே இழுத்து, எழுந்து உட்கார்ந்து, அதை டாக்டர் கையிலேயே ஒப்படைத்துவிட்டேன்.

அவர் குழாயைப் பார்த்தார், பிறகு என்னைப் பார்த்தார்.

"மேடம், இருபது வருஷமா இந்த வேலை பாக்கிறேன். அழுதவங்க உண்டு, வாந்தி எடுத்தவங்க உண்டு. டியூபைத் திருப்பிக் கையில கொடுத்தவங்க நீங்கதான் முதல் ஆள்."

வியாழக்கிழமை மயக்க மருந்து கொடுத்துச் செய்வதாக முடிவானது. "கூட ஒரு ஆள் இல்லாம வந்தீங்கன்னா வாசல்லயே திருப்பி அனுப்பிருவேன்" என்றார். முதல் முறையாகக் குரலில் கொஞ்சம் கண்டிப்பு.

வெளியே வந்தபோது அந்த அம்மாள் என் கையைப் பிடித்து, "முடிஞ்சுட்டாம்மா? வலிச்சுதா?" என்று கேட்டாள். பல்லை மாட்டிக்கொண்டு, "ஒண்ணுமே தெரியலம்மா" என்றேன்.

ஆகஸ்ட் 10, ஞாயிறு

கோயிலுக்குப் போனேன். போதகரின் மனைவியைத் துணைக்குக் கேட்கலாம் என்று எண்ணம். ஆராதனையின் நடுவே அவர் மைக்கைப் பிடித்து, ஒரு சகோதரிக்காக ஜெபிக்கச் சொன்னார். சகோதரியின் பெயரைச் சொன்னார், தெருவைச் சொன்னார், பிறகு கர்ப்பப்பை என்றார். இருநூறு பேர் திரும்பி அந்தச் சகோதரியைப் பார்த்தார்கள்.

என் வயிறு மைக்கில் வர வேண்டியதில்லை. யாரிடமும் பேசாமல் வந்துவிட்டேன்.

ஆகஸ்ட் 11, திங்கள்

உடன் வரக்கூடியவர்கள் என்று ஒரு பட்டியல் எழுத உட்கார்ந்தேன்.

மாடி வீட்டு ஓய்வுபெற்ற ஆசிரியர். நல்லவர். காது கேட்காது. டாக்டர் ஒன்று சொல்ல, என்னிடம் வந்து வேறொன்றைச் சொல்வார்.

நூலகர் மேடம். ஓய்வு பெற்று மகளோடு போய்விட்டார். இப்போது எந்த ஊர் என்று தெரியவில்லை.

ஜெயசிங். தம்பி. தூத்துக்குடியில் பேட்டரி கடை வைத்திருக்கிறான். ஒரு மணி நேரத்தில் வந்துவிடலாம். அவன் பெயரை எழுதிவிட்டு அடித்தேன். அடித்ததும் தாள் கிழிந்துவிட்டது. தாளின் தரம் அப்படி.

பட்டியல் முடிந்தது.

ஆகஸ்ட் 12, செவ்வாய்

காலை: கஞ்சி. மதியம்: கஞ்சி. வலி: உண்டு.

மதிய இடைவேளையில் கோமதியை அறைக்குக் கூப்பிட்டேன்.

"வியாழக்கிழமை உனக்கு என்ன வேலை?"

"ஆபீஸ்தான் மேடம். அன்னைக்கு நேரத்துக்கு வந்துருவேன், சத்தியமா."

"ஆபீஸ் வேண்டாம். வேற ஒரு இடத்துக்கு வரணும்."

அவள் முகம் வெளுத்துவிட்டது. "என்கொயரியா மேடம்?"

"ஆஸ்பத்திரி."

"எனக்கு உடம்புக்கு ஒண்ணுமில்லையே மேடம்!"

"உனக்கில்ல. எனக்கு."

சிரிப்பாள் என்று எதிர்பார்த்தேன். சிரிக்கவில்லை. எந்த ஆஸ்பத்திரி, எத்தனை மணி, வெறும் வயிற்றோடா என்று மூன்று கேள்விதான் கேட்டாள். வேறு யாரும் இல்லையா என்று நான்காவதாகக் கேட்பாள் என்று பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அதை அவள் கேட்கவே இல்லை.

ஆகஸ்ட் 13, புதன்

நாளைக்கு மயக்க மருந்து. அதனால் இன்றைக்கே எழுதிவிடுகிறேன்.

நாலு வருடத்துக்கு முன்னால் அம்மாவுக்கு வயிற்றில் வந்தது. ஜெயசிங்தான் ஆஸ்பத்திரிக்கு அலைந்தான். அம்மாவுக்குத் தெரியக் கூடாது என்று டாக்டர், நர்ஸ், எதிர்க்கட்டில் ஆட்கள் வரைக்கும் எல்லாரிடமும் சொல்லி வைத்திருந்தான். புண், ஆறிவிடும் என்றே சொன்னான். ஒருநாள் அவன் டீ குடிக்கப் போயிருந்தபோது அம்மா, "ஏட்டி, நீ பொய் சொல்ல மாட்ட. எனக்கு என்னட்டி?" என்று கேட்டாள்.

சொன்னேன். கேட்டாள், சொன்னேன். அறிக்கையை எடுத்து, புரியாத இடங்களை விளக்கி, முழுதும் வாசித்துக் காட்டினேன். அம்மா சுவர்ப்பக்கம் திரும்பிப் படுத்தாள். இரண்டு நாள் பேசவில்லை. பத்தொன்பதாம் நாள் போய்விட்டாள்.

கல்லறைத் தோட்டத்தில் எல்லாரும் நிற்கும்போதே ஜெயசிங் கேட்டான்: "அம்மா என்ன ஆபீஸ் சர்க்குலரா, வாசிச்சுக் காட்ட?"

அதன் பிறகு அவனும் பேசவில்லை, நானும் பேசவில்லை. அவன் எண்ணைப் போனில் இருந்து எடுத்துவிட்டேன். மனப்பாடமாக இருப்பதற்கு நான் என்ன செய்ய முடியும்?

என் வயிற்றுக்கும் இதற்கும் சம்பந்தமில்லை. டாக்டர் கேட்டாரே என்று எழுதினேன்.

ஆகஸ்ட் 14, வியாழன்

காலை 6.40. நான் தயார். வாசலில் கோமதி ஆறரை மணிக்கே வந்து நிற்கிறாள்.

"பதினோரு வருஷத்துல ஒருநாள்கூட நேரத்துக்கு வந்ததில்ல. இன்னைக்கு எப்படி?"

"இது வேலை இல்லையே மேடம்" என்றாள்.

7.15. ஆஸ்பத்திரி. படிவத்தை நர்ஸ் மகாலெட்சுமி படித்துக் கேட்கிறாள். உடன் வருபவர், சங்கரகோமதி. உறவு?

"எனக்குக் கீழ வேலை பாக்குறவ" என்றேன்.

"அப்படியெல்லாம் போட முடியாது மேடம். சொந்தமா, பழக்கமா?"

கோமதி படிவத்தை வாங்கி 'சிநேகிதி' என்று எழுதினாள். எழுத்துப்பிழை இல்லை. பல்லை நானே கழற்றிக் கொடுத்துவிட்டேன். கைப்பை, போன், டைரி எல்லாம் இனி அவள் பொறுப்பு. கையில் ஊசி குத்தி டேப் ஒட்டுகிறார்கள். டாக்டர் உள்ளே வந்து, "இன்னைக்குக் கையை நாங்க பிடிச்சுக்குவோம் மேடம்" என்கிறார். டைரியை மூடச் சொல்கிறார்கள்.

மாலை. வீடு. எழுத்து கோணலாக வருகிறது. படுக்கையறையில் இருக்கிறேன். சமையலறையில் தம்பி மனைவி மெர்சியின் குரல் கேட்கிறது. மயக்க மருந்து இன்னும் இறங்கவில்லை.

ஆகஸ்ட் 15, வெள்ளி

மருந்து இறங்கிவிட்டது. மெர்சி இன்னும் இருக்கிறாள்.

"மதினி, எந்திரிச்சிட்டீங்களா? கஞ்சி ஆறவச்சிருக்கேன்" என்று, ஏதோ போன வாரம்தான் வந்துவிட்டுப் போனவள் மாதிரி வந்து நிற்கிறாள். தூத்துக்குடியில் இருந்து குக்கரைத் தூக்கிக்கொண்டு வந்திருக்கிறாள். இந்த வீட்டில் குக்கர் இல்லை என்று நினைத்தாளா?

கூடத்தில் ஜெயசிங். நாற்காலி மேல் ஏறி மின்விசிறியைக் கழற்றிக்கொண்டிருந்தான். முடி பாதி நரைத்துவிட்டது. நரைத்திருக்கும் என்று எனக்குத் தோன்றியதே இல்லை.

"ஃபேன்ல சத்தம் வருதுக்கா" என்றான்.

"அது ரெண்டு வருஷமா வருது" என்றேன்.

நாலு வருடத்துக்குப் பிறகு நாங்கள் பேசியது இது.

உள்ளே போய்ப் போனை எடுத்துப் பார்த்தேன். நேற்று காலை 9.52க்கு என் போனில் இருந்து ஒரு அழைப்பு போயிருக்கிறது. பெயர் இல்லை, எண் மட்டும். யார் எண் என்று எனக்குத் தெரியும். பதினோரு நிமிடம் நாற்பது விநாடி பேசியிருக்கிறேன். ஒரு சொல்கூட நினைவில் இல்லை.

உடனே கோமதிக்குப் போன் போட்டேன்.

"நேத்து நான் யாருக்குப் போன் பண்ணேன்?"

"உங்க தம்பிக்கு மேடம். மயக்கம் பாதி தெளிஞ்சதும், போனைத் தான்னு அதட்டுனீங்க. பழக்கதோஷத்துல கொடுத்துட்டேன்."

"என்ன பேசுனேன்?"

"எனக்குக் காதுல விழல மேடம்."

"பக்கத்துலதான நின்ன?"

"பிஸ்கட் வாங்கப் போயிட்டேன்."

"பதினோரு நிமிஷமா?"

"கடையில நெரிசல் மேடம்" என்றாள். 'ரி' சரியாகவே உச்சரித்தாள்.

வேறு என்ன நடந்தது என்று கேட்டதற்கு மட்டும் விவரம் கிடைத்தது. டாக்டருக்கு மெமோ கொடுக்கப் போவதாகச் சொன்னேனாம். நர்ஸ் மகாலெட்சுமிக்கு 'ஹெ' எழுதக் கற்றுக்கொடுத்தேனாம், அவள் உள்ளங்கையில். வயிற்றில் ஒரு புண் இருக்கிறது, அதில் இருந்து துணுக்கு எடுத்துப் பரிசோதனைக்கு அனுப்பியிருக்கிறார்கள், ஒரு வாரத்தில் தெரியும் என்று டாக்டர் சொன்னாராம்.

"டாக்டர் அதைச் சொல்லும்போது அவர் முகம் எப்படி இருந்துச்சு?"

"மாஸ்க் போட்டிருந்தாரு மேடம்."

ஆகஸ்ட் 16, சனி

மெர்சி போகவில்லை. முடிவு தெரிகிற வரைக்கும் இங்கேதானாம். ஜெயசிங் காலையில் கடைக்குப் போய் மாலையில் வருகிறான். இன்று தண்ணீர் மோட்டாரைப் பற்றி முக்கால் மணி நேரம் பேசினான். நானும் மோட்டாரைப் பற்றிப் பேசினேன். எனக்கு மோட்டாரைப் பற்றி இவ்வளவு தெரியும் என்று இதுவரை தெரியாது.

காரச்சேவு டப்பாவைக் காணவில்லை. கேட்டால் மெர்சி, "எறும்பு வந்துட்டு மதினி, தூரப் போட்டுட்டேன்" என்கிறாள். டப்பாவோடவா எறும்பு வரும்?

ஆகஸ்ட் 18, திங்கள்

அலுவலகம். கோமதி இருபத்தைந்து நிமிடம் தாமதம். வருகைப் பதிவேட்டை நான் பார்க்கும் நேரத்தை அரைமணி தள்ளி வைத்திருக்கிறேன். நிர்வாக வசதிக்காக.

ஆகஸ்ட் 19, செவ்வாய்

கஞ்சி.

ஆகஸ்ட் 20, புதன்

மெர்சி சின்ன வெங்காயம் உரிக்கும்போது நானும் உட்கார்ந்து உரித்தேன். நான் போனில் பேசியது அவளுக்குத் தெரியுமா என்று நேரடியாகக் கேட்காமல், சுற்றி வளைத்துக் கேட்டேன். "அவங்க ஒண்ணும் சொல்லல மதினி. போன வச்சதும், கடையை அப்படியே போட்டுட்டு வீட்டுக்கு வந்து, கிளம்புன்னாங்க. ஷட்டரக்கூட இறக்கல. பக்கத்துக் கடைக்காரருதான் இறக்கினாரு" என்றாள்.

வெங்காயம் காரம்.

ஆகஸ்ட் 21, வியாழன்

இன்று முடிவு. ஜெயசிங் கடைக்குப் போகவில்லை. நீ வர வேண்டாம் என்றேன். அவன் பைக்கை வெளியே எடுத்து நிறுத்தினான்.

ஆய்வுக்கூடத்தில் உறையை என் கையில் கொடுத்தார்கள். டாக்டர் வர அரைமணி ஆகும் என்றார்கள். மரப்பெஞ்சில் இரண்டு பேரும் உட்கார்ந்தோம். உறை என் மடியில் இருந்தது.

கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு ஜெயசிங் கேட்டான்: "பிரிக்கலியா?"

"பசை நல்லா ஒட்டியிருக்கு."

"கொண்டா, நான் பிரிக்கேன்."

கொடுத்தேன். கொடுத்துவிட்டு, "நீ பாரு. கெட்டதா இருந்தா எங்கிட்ட சொல்லாத" என்றேன்.

நான்தான் சொன்னேன். சொன்ன பிறகுதான் என் காதிலேயே விழுந்தது. அவன் என்னைத் திரும்பிப் பார்த்தான். ஏதாவது சொல்வான் என்று காத்திருந்தேன். சொல்லியிருந்தால் நியாயம்தான்.  அவன் தாளை விரித்து, விரல் வைத்து, ஒவ்வொரு வரியாகப் படித்தான். நான் அவன் முகத்தைப் படித்தேன். நெற்றி சுருங்கியது. பிறகு இன்னும் சுருங்கியது. 

"என்னல?"

"ஒரு இடத்துல மைல்டுன்னு போட்டிருக்கு. ஒரு இடத்துல மாடரேட்டுன்னு போட்டிருக்கு."

"எது மைல்டு, எது மாடரேட்டு?"

"அதான்க்கா எனக்கும் புரியல. எல்லாம் பெரிய பெரிய இங்கிலீஷா இருக்கு."

தாளைப் பிடுங்கிப் படித்தேன். எனக்கும் புரியவில்லை. இரண்டு பேரும் தலையோடு தலை முட்ட அந்தத் தாளைப் பார்த்துக்கொண்டிருக்கும்போது டாக்டர் வந்து, மேலே நின்று, "கொடுங்க, எனக்குப் புரியும்" என்றார்.

உள்ளே போய் உட்கார்ந்ததும், "யார்கிட்ட சொல்லணும்?" என்று கேட்டார்.

ஜெயசிங் என்னைக் காட்டினான். நான் ஜெயசிங்கைக் காட்டினேன்.

டாக்டர் சுவரைப் பார்த்துச் சொன்னார்: "கேன்சர் இல்ல. வயித்துல ஒரு கிருமி. அதனால வந்த புண். பதினாலு நாள் மாத்திரை சாப்பிட்டா கிருமி போயிரும்."

"நான் அதைக் கேக்கலையே டாக்டர்" என்றேன்.

"எட்டு வாரமா வலிச்சும் நீங்க கேக்காததுனாலதான் நான் சொல்றேன்."

"எட்டு மாசம்" என்றேன். "அம்மாவுக்கு வயித்துல கேன்சர். எடை ஆறு கிலோ குறைஞ்சிருக்கு. காரச்சேவு தினமும் சாப்பிட்டேன்."

அவர் எல்லாவற்றையும் நிதானமாகக் கோப்பில் எழுதிக்கொண்டார். வெளியே வந்ததும் ஜெயசிங், பைக் சாவியை எங்கே வைத்தோம் என்று தேடுகிறவன் மாதிரி அந்தப் பக்கம் திரும்பி நின்று, ரொம்ப நேரம் கண்ணைத் துடைத்தான். சாவி பைக்கிலேயே இருந்தது. நான் சொல்லவில்லை.

ஆகஸ்ட் 24, ஞாயிறு

மாத்திரை: காலை மூன்று, இரவு மூன்று. வாயெல்லாம் இரும்பை நக்கிய மாதிரி இருக்கிறது. மற்றபடி வலி குறைவு. இது உண்மை.

இன்று அவர்கள் ஊருக்குக் கிளம்பினார்கள். மெர்சி பக்கத்து வீட்டில் சொல்லிக்கொள்ளப் போயிருந்தாள். ஜெயசிங் குக்கரைப் பைக்கின் பின்னால் கயிறு போட்டுக் கட்டிக்கொண்டிருந்தான். பத்து நாளாகக் கேட்காமல் இருந்ததைக் கேட்டேன்.

"அன்னைக்குப் போன்ல நான் என்ன சொன்னேன்?"

"எல்லாமா?"

"எல்லாம்."

"முதல்ல ஆஸ்பத்திரிய ஏசுன. நர்சுக்கு உன் பேரு எழுதத் தெரியலன்ன. அப்புறம் என் கடை போர்டுல தப்பு இருக்குன்ன."

"தப்பு இருக்கா?"

"போய்ப் பாத்தேன். இருக்கு. 'பேட்டரி'ல ஒரு 'ட்' விட்டுப் போச்சு. 'பேடரி ஒர்க்ஸ்'னு நிக்கி. ரெண்டு வருஷமா ஒருத்தனும் சொல்லல." கயிற்றை ஒரு சுற்று இழுத்தான். "உனக்கு எப்படித் தெரியும்னு கேட்டேன். தூத்துக்குடி வரும்போதெல்லாம் கடை வழியாப் போற பஸ்லதான் ஏறுவேன்னு சொன்ன. ஜன்னல் பக்கம் உக்காந்து பாத்துட்டுப் போவியாம்."

கல்லூரி வேலையாக நான் தூத்துக்குடி போவதுண்டு. அந்தப் பேருந்து அந்த வழியாகத்தான் போகிறது.

"அப்புறம்?"

"அப்புறம் சின்னப்பிள்ள மாதிரி பேச ஆரம்பிச்சிட்ட."

"என்னன்னு?"

அவன் முடிச்சைப் பார்த்துக்கொண்டே சொன்னான்: "'ஏல ஜெயா, எனக்கு வயிறு வலிக்கு. அம்மாவ எழுப்புல'ன்ன."

தெருவில் ஒரு மீன்காரர் சத்தம் போட்டுக்கொண்டு போனார். அவர் தெருமுனை திரும்புகிற வரைக்கும் நான் குக்கரைப் பிடித்துக்கொண்டேன்.

"நீ என்ன சொன்ன?"

"எழுப்புதேன், நீ கண்ண மூடிப் படுன்னேன். படுத்துட்ட. மூச்சுச் சத்தம் மட்டும் கேட்டுது. அந்தக் கோமதிப் பிள்ள வந்து போன வாங்குற வரைக்கும் நான் வைக்கல."

 "அந்த 'ட்'டைப் போடச் சொல்லு. பாக்கவே அசிங்கமா இருக்கு" என்றேன்.

"எங்க போடணும்னு நீயே வந்து காட்டு."

மெர்சி வந்து ஏறிக்கொண்டாள். குக்கர் தடதடவென்று ஆட, பைக் போய்விட்டது.

வரும் சனிக்கிழமை தூத்துக்குடி போகிறேன். கடை வாசலிலேயே நிறுத்தம் இருக்கிறது. இந்தத் தடவை இறங்க வேண்டும்.